நூறு வருசக் கணக்கு பொய்

“1720 பிளேக், 1820 வாந்திபேதி, 1920 ஸ்பானிஷ் காய்ச்சல், 2020 கொரோனா. நூறு வருசத்துக்கு ஒருமுறை கொள்ளைநோய் வரும்.” திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் இது மறுபடி சுற்றுகிறது. உவர்மலையில் இருக்கிற என் பெரியம்மா இரண்டு தடவை அனுப்பிவிட்டார்.

கணக்கு பிழை. 1720இல் பிளேக் வந்தது உண்மைதான். ஆனால் அது பிரான்சின் மார்செய் துறைமுகத்தையும் சுற்றுப்பகுதியையும் தாண்டி உலகமெல்லாம் பரவவில்லை. ஸ்பானிஷ் காய்ச்சல் 1918லேயே தொடங்கி, அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்துவிட்டது. கொரோனா சீனாவில் தெரியவந்தது 2019 டிசம்பரில்.

வாந்திபேதிக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. அது 1817இல் வங்காளத்தில் கிளம்பி, அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக்கும் வந்தது. 1819இல் திருகோணமலையிலிருந்து மொரீசியஸ் போன டோபாஸ் என்ற போர்க்கப்பல்தான் நோயைக் கொண்டுவந்தது என்று அந்தத் தீவு மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். ஆக, நோய் பார்த்தது கப்பல் போகும் பாதையை, கலண்டரை அல்ல.

சரி, 1889, 1957, 1968, 2009 ஆண்டுகளில் உலகைச் சுற்றிய காய்ச்சல்களை எந்த நூறில் சேர்ப்பது? பெரியம்மாவிடம் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.