ஹக் கிழித்துப் போட்ட கடிதம்

ஒரு நாவலைப் படித்து முடித்த குழந்தையிடம் "இதிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கிறோமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஈசாப் கதையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஒரு சிறுவனோ சிறுமியோ வளர்வதைச் சொல்லும் பெரிய நாவல்களிடம் கேட்டால், அவை நமக்காக வைத்திருப்பதைக் கையால் தட்டிவிடுகிறோம். அந்த நாவல்கள் நம்மைத் திருப்பிக் கேட்கின்றன: உன் மனசாட்சி என்று நீ நம்பிக்கொண்டிருக்கும் குரல் உண்மையில் யாருடையது?

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை இந்த வாரம் மறுபடி படித்தேன். பள்ளி நாட்களில் எனக்குக் கிடைத்தது ஒரு சுருக்கப் பதிப்பு. தெப்பமும் ஆறும் மோசடிக்காரர்களும் அதில் இருந்தார்கள். 31-ஆம் அத்தியாயத்தில் வரும் கடிதத்தை மட்டும் இரண்டு வரியில் தாண்டிவிட்டார்கள்.

அடிமைத்தளையிலிருந்து தப்பி ஹக்கோடு தெப்பத்தில் வந்த ஜிம்மை அந்த மோசடிக்காரர்கள் நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறார்கள். ஹக்குக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோ. அடிமை என்பவன் எஜமானியின் சொத்து, அவன் தப்ப உதவுவது திருட்டு, அப்படித் திருடியவனுக்கு நரகம். அவன் வளர்ந்த ஊர் அவனுக்குள் போட்டுவைத்திருப்பது இதுதான். பயந்துபோய்ப் பிரார்த்தனை செய்யப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி எஜமானிக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவப்பட்டதுபோல் மனம் லேசாகிறது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குகிறான். இரவில் தன் காவல் முறை முடிந்த பிறகும், பையன் தூங்கட்டும் என்று எழுப்பாமல் அவன் முறைக்கும் சேர்த்து விழித்திருந்த ஜிம் நினைவுக்கு வருகிறான். மறுபடி காகிதத்தை எடுக்கும்போது கை நடுங்குகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று சொல்லி அதைக் கிழித்துவிடுகிறான்.

அடிமைமுறை தவறு என்ற முடிவுக்கு ஹக் அங்கே வரவில்லை. தான் கெட்டவன் என்று நம்பிக்கொண்டேதான் கிழிக்கிறான். மனசாட்சி காட்டிக்கொடுக்கச் சொல்கிறது, ஜிம்மின் முகம் தடுக்கிறது. அவன் செய்தது சரி என்று ட்வைன் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. படிக்கிற நமக்குத் தெரிகிறது; அவனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் என்னால் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அமெரிக்காவில் நாவல் வெளியான 1885-லேயே கான்கார்ட் பொது நூலகம் அதை முரட்டுத்தனமானது, தரக்குறைவானது என்று விலக்கிவைத்தது. எனக்கும் அந்த நாவலோடு ஒரு சண்டை உண்டு. கடைசிப் பகுதியில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மின் விடுதலையை விளையாட்டாக்கிவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. இருந்தாலும் அந்தக் கடிதத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன்.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860-61-இல் வாரத் தொடராக வந்தது. அதில் ஹக்குக்கு நேர் எதிரான பையன் ஒருவன் இருக்கிறான். கொல்லன் ஜோவின் வீட்டில் வளரும் பிப், பெரிய வீட்டுப் பெண் எஸ்டெல்லாவோடு ஒரு பிற்பகல் சீட்டாடுகிறான். அவன் கை சொரசொரப்பாக இருக்கிறது என்கிறாள், பூட்ஸ் தடிமன் என்கிறாள். அதுவரை அவன் தன் கைகளைப் பற்றி வெட்கப்பட்டதே இல்லை. வெட்கம் ஒருவனுக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஒரே ஒரு பிற்பகலில் காட்டிவிடுகிறார் டிக்கன்ஸ். பின்னால் யாரோ தந்த பணத்தில் லண்டனில் கனவானாக வாழும்போது ஜோ பார்க்க வருகிறான். பணம் கொடுத்து அவனை வராமல் தடுக்க முடியுமானால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். ஜோவுக்குத் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வைத்த இடத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது. தான் தூக்கி வளர்த்த பையனை 'ஐயா' என்று கூப்பிடுகிறான்.

என்னை அதைவிட அதிகமாக வதைத்தது பிற்பாடு வரும் ஒரு பகுதி. கடனில் மூழ்கி, நோயில் கிடக்கும் பிப்பை ஜோ வந்து கவனித்துக்கொள்கிறான். பிப்புக்கு உடம்பு தேறத் தேற, பழைய நெருக்கம் குறைந்து அந்த 'ஐயா' திரும்பி வருகிறது. ஒருநாள் காலை பிப் எழுந்து பார்த்தால் ஜோ இல்லை. ஒரு சீட்டும், கடனை அடைத்த ரசீதும் இருக்கின்றன. ஒரு குறை சொல்லாமல் போய்விட்டான்.

இவை இரண்டையும் விட என் மனதுக்கு நெருக்கமானது விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' (1929). பக்கத்து வீட்டுத் தங்கச் சிமிழைத் திருடியதாகச் சொல்லி துர்காவை அடித்தார்கள். அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் இறந்து, குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் சமயத்தில் தம்பி அப்புவின் கையில் அந்தச் சிமிழ் கிடைக்கிறது. (சத்யஜித் ராயின் படத்தில் அது கழுத்துமாலை, போய் விழுவது குளத்தில்.) அக்கா எடுத்தது உண்மைதான். திருப்பிக் கொடுத்தால் அது ஊருக்குத் தெரிந்துவிடும். அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்? உரியவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும் என்றா? அப்பு அதை வீட்டுக்குப் பின்னால், யாரும் போகாத மூங்கில் புதருக்குள் வீசி எறிகிறான். அக்காவின் பெயர் அங்கே பத்திரமாக இருக்கும்.