எட்டு ஃபேடர் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்களிடம் இப்போது ஒரே பேச்சு. "அண்ணே, மவுஸ் வெச்சு மிக்ஸ் பண்ணா ஃபீல் வரல, கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்." மிக்ஸிங் மென்பொருளைக் கையால் இயக்க ஃபேடர், அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை, வைத்த பெட்டியைத்தான் சொல்கிறார்கள். ஃபீலாம்! அறையில் ஒரு கனமான திரைச்சீலைகூடக் கிடையாது, பாடியதில் பாதி சுவரின் எதிரொலி. அதைச் சரிசெய்யக் காசில்லை, தானாக நகரும் மோட்டார் ஃபேடருக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஐயா, அந்தப் பெட்டிக்குள் சத்தமே போவதில்லை. மைக் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸும் சேர்ந்து வரும் சில மாடல்களை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பார்க்க மிக்ஸர் மாதிரி, செய்வது கணினிக்கு மிடி கட்டளை, அதாவது 'இதை ஏற்று, அதை இறக்கு' என்கிற செய்தி, அனுப்பும் வேலை. மவுஸால் மூன்று டெசிபல் குறைத்தாலும் ஃபேடரால் குறைத்தாலும் காதில் விழுவது ஒன்றுதான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கோர்க் நானோகன்ட்ரோல் 2 பக்கம் போனால் எட்டு ஸ்லைடர் உண்டு, மோட்டார் கிடையாது. திரையில் ஃபேடர் ஓரிடத்தில் நிற்கும், கையில் இருப்பது வேறிடத்தில். தொட்டதும் சத்தம் எகிறும். சாதாரண மிடி கன்ட்ரோல் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான் என்பது தனிக்கதை.

சரி, மோட்டார் வைத்ததே வாங்குவோம். பெரிங்கர் எக்ஸ்-டச்சில் சேனலுக்கு எட்டு, மாஸ்டருக்கு ஒன்று. உங்கள் பாட்டில் குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதிந்த 40 டிராக். அப்படியென்றால் எட்டு எட்டாக ஐந்து தொகுதி, அதாவது ஐந்து பேங்க். ஒவ்வொரு முறை பேங்க் மாற்றும்போதும் ஒன்பதில் எட்டு ஃபேடர் சடசடவென்று ஓடும். அதே அறையில் மைக் திறந்திருந்தால் அந்தச் சத்தமும் பாட்டில் ஏறும்!

எந்த ஃபேடர் எந்த டிராக் என்று பார்க்கக் குட்டித் திரை இருக்கிறதே என்பீர்கள். பெட்டியும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் மேக்கி கன்ட்ரோல் முறையில் ஒரு சேனலுக்கு ஏழு எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து. மிருதங்கத்துக்கே ஒன்பது வேண்டும். டிராக்குக்கு ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தவர் கதி அதோகதி.

ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் சரிசெய்வது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) என்று வந்தால் கூத்து இன்னும் பெரிது. பெரிய ஸ்டூடியோ கன்சோலில் ஒரு குமிழுக்கு ஒரே வேலை, பழகிய கை பார்க்காமலே போகும். இங்கே அதே எட்டுக் குமிழ் இப்போது பேன் (சத்தத்தை இடம் வலம் நகர்த்துவது), அடுத்த நொடி ஈக்யூ, அதிலும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். இரண்டு நாள் பொறுமையாகத் திருகிவிட்டு மூன்றாம் நாள் எல்லோரும் மவுஸுக்கே திரும்புகிறார்கள். பெட்டி வீடியோவுக்குப் பின்னணியாக விளக்கு எரிந்துகொண்டு கிடக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் பாதிப் பொத்தான் பேசாது, அந்தத் தலைவலி வேறு.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன்: குரலை ரைடு பண்ணுவது. வரி முடிகிற இடத்தில் பாடகர் தாழ்வார், உச்சத்தில் எகிறுவார். பாட்டைக் கேட்டுக்கொண்டே விரலால் ஏற்றி இறக்கி, அந்த அசைவைக் கணினியில் பதிந்து ஆட்டோமேஷன் எழுதுவது மவுஸால் புள்ளி வைப்பதைவிட எவ்வளவோ சுகம். ஆனால் அதற்கு ஒரு மோட்டார் ஃபேடர் போதும். பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், எக்ஸ்-டச் ஒன் எல்லாம் அதற்குத்தானே இருக்கின்றன? மிச்சக் காசில் எதிரொலியை உறிஞ்சும் ராக்வூல் வாங்கிச் சுவரில் அடியுங்கள். கடைக்காரர் விடமாட்டார், "எட்டு சேனலாவே எடுத்துக்கோங்க சார், பின்னாடி உதவும்" என்பார். பின்னாடி எப்போது? அந்தப் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்தா பாடவைக்கப் போகிறீர்கள்?