வான் பாயாத குளமும் உடையும்

“திருகோணமலை மாவட்டக் கந்தளாய்க் குளம் 1986இல் வெள்ளம் கட்டை மேவித்தான் உடைந்தது, வான் (மிகைநீர் வழிந்தோடும் வழி) பாயாத வரைக்கும் பயமில்லை” என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. கட்டு உடைந்தது ஏப்ரல் 20 அதிகாலை 3 மணியளவில், மாரி வெள்ளக் காலத்தில் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டின் மேல் ஓடிய கனரக வாகனங்களும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன.

வெள்ளம் மண்கட்டை மேவினால் உடையும், உண்மைதான். ஆனால் பழைய கட்டுகள் உள்ளரிப்பாலும் போகும். துருசுக் (நீரைத் திறந்துவிடும் மதகு) குழாயின் ஓரம், கறையான் புற்று, பட்டுப்போன மரவேர் விட்ட துளை, இவற்றால் நீர் மண்ணை இழுத்துக்கொண்டு வரும். வெள்ள நேரத்தில் நீர்மட்டம் ஏற ஏற அழுத்தமும் ஏறுவதால் இது வேகமாகும்.

கட்டின் அடிவாரத்தில் கசியும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் தொடர்ந்து கவனிக்கலாம். கலங்கி, அடியில் மண் படிந்தால் உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள், கீழே உள்ள வீடுகளை எழுப்புங்கள்.

தயவுசெய்து நீர் கசியும் அந்த வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் மணல், மேலே சிறு சல்லி, அதற்கு மேல் பெருங்கல் போட்டால் நீர் போகும், மண் நிற்கும். இது பொறியியலாளர் வரும்வரைக்கும்தான். குளத்து நீரை ஒரேயடியாக இறக்குவதும் கூடாது, கட்டின் நனைந்த உட்சரிவு வழுக்கி விழும்.