பலகை மாட்டினால் மட்டும் போதாது
‘ஏற்கெனவே உள்ள பாலத்தில் ஒரு வெண்கலப் பலகையைப் பதித்தால் போர் நினைவுச்சின்னம் தயார்’ என்று போர் நினைவுச்சின்னங்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. செலவு குறையும், வேலை குறையாது. இரும்புப் பாலத்தில் வெண்கலத்தை நேரடியாக முடுக்கினால், மழை ஈரத்தில் இரண்டும் மின்கலம் மாதிரி வேலை செய்யும். அரிக்கப்படுவது இரும்புதான், பலகையைச் சுற்றித் துரு வழியும். நடுவில் ரப்பர் தகடு, போல்ட்டுக்கு நைலான் உறையும் வாஷரும் கட்டாயம். சுண்ணாம்புக் கல் சுவரென்றால் தொல்லை வேறு: பலகையில் பட்டு இறங்கும் நீர் பச்சைக் கறையாகக் கல்லுக்குள் ஊறிவிடும், சுரண்டினாலும் லேசில் போகாது. அடியில் நீர் சொட்டிவிழ ஒரு விளிம்பு வேண்டும். பாலம் விரிந்து சுருங்கும் இணைப்பின் குறுக்கே மாட்டவே கூடாது. பலகையில் பொறிக்கும், போரில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இன்னும் பெரிய தலைவலி. விடுபட்ட பெயர் திறப்பு விழா முடிந்த பிறகுதான் வரும். கடைசி வரிசையில் இடம் விடாவிட்டால் ஓரத்தில் குட்டிப் பலகை ஒட்ட வேண்டியதுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘வேறு வேலைக்குக் கட்டிய கட்டடத்துக்கு அந்த மரியாதை வராது’ என்கிறார். அப்படிச் சொல்லிவிட முடியாது. பெர்லினில் காவலர் இல்லமாக 1818-இல் கட்டி முடித்த நொயே வாஹே, 1931-இல்தான் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடமானது. கட்டடக் கலைஞர் டெசனோ உள்ளே ஒரே கூடமாக்கி, கூரையில் வட்டத் திறப்பு வைத்து, அதற்கு நேர்கீழே கருங்கல் பீடத்தில் உலோக மாலை ஒன்றை வைத்தார். வெளிமுகத் தூண்கள் பழையவைதான்.