கடைக்கு இன்னொரு கணக்கு வேண்டாம், பக்கம் போதும்

சொந்த விஷயம் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கடையை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நடத்துவது எப்படி என்று, கோத்தகிரியில் வர்க்கியும் சாக்லேட்டும் விற்கும் தங்கை ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அவருக்கு, "கடைப் பெயரில் ஃபேஸ்புக்கில் இன்னொரு கணக்கு தொடங்கு, அப்போதுதான் சொந்த விஷயம் வெளியே தெரியாது" என்று ஒரு அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். நோக்கம் சரி, வழி தப்பு.

ஃபேஸ்புக் விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரு கணக்குதான், அதுவும் நிஜப் பெயரில். கடைப் பெயரில் தொடங்கிய கணக்கை என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கலாம்; ஆர்டர் வந்த அரட்டையும் அதோடு போச்சு. நண்பர்கள் 5,000 பேருக்கு மேல் சேரவும் முடியாது. கடைக்கென்று ஃபேஸ்புக்கில் இருப்பது 'பக்கம்' (Page). சொந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம், நடத்துபவர் யார் என்று பார்ப்பவர்களுக்குக் காட்டாது.

ஒன்றில் மட்டும் கவனம். பக்கத்தில் பதில் போடும் முன், எழுதும் பெட்டி அருகே இருக்கும் சின்னப் படம் கடையுடையதா உங்களுடையதா என்று பாருங்கள். குன்னூரில் நான் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மே சீசன் கூட்டத்தில், அறை வாடகை கேட்டவருக்கு அவசரத்தில் சொந்தப் பெயரிலேயே பதில் போட்டுவிட்டேன். மறுநாள் வந்து இறங்கியவர், "பாப்பா பிறந்தநாள் கேக் சூப்பர்ங்க" என்றார்!

அப்புறம் வாட்ஸ்அப். முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்பதில் 'என் தொடர்புகள்' என்று வைத்தால் போதும் என்கிறார்கள். வாடிக்கையாளர் எண்ணைச் சேமித்த நிமிடமே அவரும் தொடர்புதானே? தனி சிம் வாங்கி, கடைக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். ஒரே போனில் இரண்டு செயலியும் ஓடும், எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும்.