குட்டியைக் காட்டுபவரிடம் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

அந்த ராஜபாளையம் நாய்க்குட்டியின் வீடியோவை இரண்டு நாளாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாங்கிய மூன்றாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தப்பேதியில் சாவு. அதைவிட என்னை நோகடித்தது கீழே வந்த கமெண்டுகள். "வளர்க்கத் தெரியாதவன் ஏன் வாங்கணும்?" என்று வாங்கியவரைத்தான் அத்தனை பேரும் ஏசியிருக்கிறார்கள். ஊசி போடாத 35 நாள் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டில் கைமாற்றியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குட்டிகளுக்கு இப்படி வாந்தியும் ரத்தப்பேதியும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பார்வோ என்ற வைரஸ் கிருமியைத்தான். அது உடம்பில் ஏறிய அன்றே நோய் தெரியாது. பொதுவாக 3 முதல் 7 நாள் கழித்துத்தான் குட்டி சோர்ந்து படுக்கும். வந்த மூன்றாம் நாளே வாந்தி எடுத்தது என்றால், அநேகமாக விற்ற இடத்திலேயே தொற்றிவிட்டது. "உங்க வீட்டுக்கு வந்துதான் சீக்கு வந்துச்சு" என்ற பதிலை தயவுசெய்து இனி யாரும் நம்பாதீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குட்டியைப் பார்த்து குட்டி வாங்காதீர்கள், தாயைப் பார்த்து வாங்குங்கள். ஜல்லிக்கட்டுக் காளைக்குச் சுழி பார்க்கிறோம், சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே இருக்கப்போகும் நாயை மட்டும் வாட்ஸ்அப் போட்டோவில் பார்த்து அட்வான்ஸ் போட்டுவிடுகிறோம்.

தாயைக் காட்டச் சொன்னால் வேறொரு பெட்டையைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களும் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஈன்று ஆறேழு வாரமே ஆன தாய்க்கு மடி தொங்கும், காம்புகள் நீண்டிருக்கும், முடி கொட்டி உடம்பு சற்று இளைத்திருக்கும். அவளைக் கண்டதும் குட்டிகள் ஓடிப்போய் வயிற்றுக்கடியில் நுழையும். மடி வற்றி இறுக்கமாக இருந்தால் அவள்தான் தாயா என்று சந்தேகப்படுங்கள். ராஜபாளையம் தாய் அந்நியரைப் பார்த்து உறுமுவது இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். வளர்ப்பவர் ஒரு சொல் சொன்னதும் அடங்குகிறாளா, அவர் கை நீட்டினால் வாலைக் குழைக்கிறாளா, பதுங்குகிறாளா என்று பாருங்கள். அந்த வீட்டில் அவளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது காது. ராஜபாளையத்துக்குத் தூய வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் அழகு என்று தேடித்தேடி வாங்குகிறோம். அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு ஆபத்து இருக்கிறது. நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராத குட்டிக்கு, பிறந்த முதல் சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். கூட்டத்தோடு இருக்கும்வரை இது தெரியாது. மற்ற குட்டிகள் ஓடினால் இதுவும் ஓடும், அவை திரும்பினால் இதுவும் திரும்பும். ஆகவே ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தூங்கும்போது செய்தால் இன்னும் நல்லது. தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காலில் தெரியும். பக்கத்தில் கை தட்டாதீர்கள், காற்று முகத்தில் படும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இதிலும் தப்பிவிடும். சத்தத்துக்குத் தலை தூக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடும். சந்தேகமில்லாமல் தெரிய, சத்தத்துக்கு மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் பேயர் (BAER) சோதனைதான் வழி, அது எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால்தான் போன ஈத்தில் எத்தனை குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று நேராகக் கேளுங்கள் என்கிறேன். "எட்டில் ஒன்று" என்று சொல்பவரை நம்பலாம். "எங்க லைன்ல அதெல்லாம் வந்ததே இல்லை" என்பவரிடம் இரண்டு முறை யோசியுங்கள்.

"கேசிஐ பேப்பர் இருக்கு" என்பார்கள், கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிப் பதிவுத் தாள். அந்தத் தாள் தாய் தகப்பன் யார் என்று சொல்லும், ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனாலும் வாங்கிப் படியுங்கள். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணை ரீடர் வைத்துப் படித்து, தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நாட்டு நாய்க்கு எதுக்குங்க ஊசி, தானா எதிர்ப்பு இருக்கும்" என்று ஒரு கூட்டம் வரும். பார்வோ சாதி பார்த்து வருவதில்லை. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு சில வாரங்களில் கரைந்துவிடும். அதே எதிர்ப்பு மிச்சமிருக்கும்வரை ஊசியையும் வேலை செய்ய விடாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரே ஒரு ஊசி ஸ்டிக்கரைக் காட்டி "எல்லாம் போட்டாச்சு" என்றால் எதுவும் முடியவில்லை என்று அர்த்தம். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்தே கொடுத்திருக்க வேண்டும், தேதியோடு கேளுங்கள்.

"தெருநாயைத் தத்தெடுக்கலாமே?" தாராளமாக எடுங்கள், நல்ல காரியம். இந்தப் பதிவு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு.

"கிராமத்தில் வளர்ப்பவன் ஏழை, அவன்கிட்ட சட்டம் பேசாதீங்க" என்ற பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை. வேட்டைக்கும் காவலுக்கும் இந்த இனங்களைத் தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் அந்தக் கிராமத்து ஆட்கள்தான். குட்டியைத் தர ஆள் பார்த்துத் தருவார்கள், காசு கொடுத்தாலும் சிலருக்குத் தரமாட்டார்கள். அவர்களை ஏன் இந்தப் பெட்டி வியாபாரிக்குக் கேடயமாக்குகிறீர்கள்? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. வியாபாரி ஏன் 35 நாளில் தள்ளிவிடுகிறார்? அதற்குமேல் தாய்ப்பால் போதாது, தீனி போட வேண்டும், ஊசிச் செலவு வரும். அந்த மூன்று வாரச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார். உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும் வாரங்களும் அவைதான்.

அதே விதிகள் ஒரு பெட்டைக்கு வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்கின்றன. பருவம் வரும்போதெல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு இரண்டு ஈத்து எடுக்கலாம், எடுக்கிறார்கள். செத்த குட்டிக்காக இரண்டு நாளாக அழுகிறோம். அதைப் பெற்றவள் எங்கே கட்டிக்கிடக்கிறாள் என்று அத்தனை கமெண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த பருவத்துக்கு அவளை மறுபடி சேர்ப்பார்கள். அந்த ஈத்துக்கும் இப்போதே யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.