'லார்டு' என்ற சொல்லுக்குள் இருக்கும் ரொட்டி

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் பற்றிய உங்கள் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது; ஆனால் பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்பது தொடக்கம் முதலே அதிகாரத்தைக் குறித்த சொல் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்டு' என்று இருந்தது. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, 'வேர்டு' என்றால் காப்பவர். முழு ரொட்டியை ஆங்கிலேயர் இன்றும் 'லோஃப்' என்கிறார்களே, அது முன்னிருந்த ஹகர ஒலியை இழந்துவிட்ட அதே 'ஹ்லாஃப்' தான். 'லேடி' என்பதும் அந்த அடுப்படியிலிருந்தே வந்தது: ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்பதே அதன் மூலப் பொருள். அந்த வீட்டை அண்டிப் பிழைத்தவனையோ, இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட அரசர் ஏதல்பெர்ட்டின் 7ஆம் நூற்றாண்டுச் சட்டம் 'ரொட்டி உண்பவன்' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிடுகிறது. காப்பவர், பிசைபவள், உண்பவன் என்று ஒரு வீட்டின் முழு உறவுமுறையும் ஒரு ரொட்டியைச் சுற்றி அமைந்திருப்பதைக் காணும்போது, செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு மனம் நெகிழ்கிறது.

இன்னொன்று, 'ஃபோர்ட்நைட்' என்பதற்குப் பதினைந்து நாள் என்று பொருள் தந்திருக்கிறீர்கள். நம் பேச்சு வழக்குக்கு அது பொருந்தும் என்றாலும், சொல்லில் இருப்பவை 14 இரவுகள். ஏழு இரவுகளைக் குறித்த 'செனைட்' வழக்கொழிந்துவிட்டது. ஆங்கிலேயரின் மூதாதையர் உள்ளிட்ட பண்டைய ஜெர்மானிய இனத்தார் நாள்களை எண்ணாமல் இரவுகளை எண்ணியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் முதலாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். இவ்விரண்டு இடங்களையும் கட்டுரையில் திருத்தினால் நன்றாக இருக்கும்.